சிகாகோவுக்கு எத்தனை மணி நேரம்?

ஐதராபாத்தின் மல்காஜ்கிரியில் தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகளாவது அமெரிக்காவில் இருப்பார்கள். மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும் அம்மா முதலில் கேட்பது, "எவ்வளவு நேரம் உட்கார்ந்தே போகணும்?" என்பதுதான். தேடிப் பார்த்தால் ஐதராபாத்–சிகாகோ சுமார் 13,300 கிலோமீட்டர் என்று வரும். எண் சரிதான். எந்த வழியாக அளந்தது?

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்தால் கோடு அரேபியா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும். அதை விடுங்கள். பிள்ளைகளின் குளோப் இருந்தால் எடுத்து, இரண்டு ஊரிலும் விரல் வைத்து ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் கிட்டத்தட்ட நேர் வடக்கே ஏறும். ரஷ்யாவைத் தாண்டி, வடதுருவத்துக்கு அருகே 79 டிகிரி வரை போய், கிரீன்லாந்து, கனடா வழியாக இறங்கும். 13,300 என்பது இந்த நூலின் நீளம்.

மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்தால் பதினைந்தரை மணி நேரம். ஏறுவது, இறங்குவது, சுற்றுவது எல்லாம் சேர்ந்தால் பதினாறு, பதினேழு. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இங்கிருந்து சிகாகோவுக்கு நேரடி விமானம் விட்டது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. விமானம் நூல் பிடித்தாற்போலப் போவதும் இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், வட இந்தியாவிலிருந்து மேற்கே போகிறவை தெற்கே சுற்ற வேண்டியதாயிற்று.

துபாயில் மாறிப் போனால் தூரம் ரொம்பக் கூடிவிடும் என்று நினைப்போம். கணக்கு வேறு. ஐதராபாத்–துபாய் சுமார் 2,550, அங்கிருந்து சிகாகோ சுமார் 11,650. கூடுவது 900 கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரப் பறப்பு. ஆனாலும் பயணம் 22 மணி நேரம் ஆவது துபாய் நாற்காலியில் காத்திருப்பதால். டிக்கெட் எடுக்கும்போது கிலோமீட்டரை விட்டுவிட்டு அந்த இடைவெளியைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் வயதானவர்களுக்கு ஓட்டம்தான்.

அடுத்தது கடிகாரம். கோடையில் சிகாகோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதினொன்றரை. ஜூனில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 22 மணி நேரம் போனால், அங்கே அதே நாள் பிற்பகல் மூன்றரைதான் ஆகியிருக்கும். திரும்பும்போது அந்தக் கடனைக் கட்ட வேண்டும்: திங்கள் இரவு 8 மணிக்கு ஏறினால், இங்கே புதன் விடியற்காலை நாலரை.

இவை எல்லாம் விமானக் கதவுக்கு அப்புறம். பேகம்பேட்டையிலிருந்து விமானம் ஏறிய காலத்தில் மல்காஜ்கிரிக்காரர்களுக்கு விமான நிலையம் பக்கத்து ஊர் மாதிரி. 2008 மார்ச்சில் அது ஷம்ஷாபாத்துக்குப் போன பிறகு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சிக்கந்தராபாத் வந்து விமான நிலையத்துக்குப் போகும் புஷ்பக் பஸ் பிடித்தாலும், காரில் போனாலும், பெட்டிகளோடு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும்.

ஆகவே டிக்கெட்டில் 14ஆம் தேதி அதிகாலை 4 மணி என்றிருந்தால், வீட்டைப் பூட்டுவது 13ஆம் தேதி இரவு பதினொன்றரை மணிக்குள். 14ஆம் தேதி இரவு பூமாலையும் பெட்டியுமாகப் போய் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.