லயத்தை விட்டுப் புறப்படுமுன்

தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த நம் மக்களில் பலர், ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும் பின்னர் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடங்கொடுத்ததால், பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துள்ளனர்; இன்றும் பெயர்ந்து வருகின்றனர். வீடு மாறுவது என்றதும் லோரி, சாக்கு, கயிறு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உடைந்த கண்ணாடியை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். தொலைந்த பத்திரத்தையும், கேட்டு வாங்காமல் விட்ட கடிதத்தையும் அவ்வளவு எளிதில் பெற முடியாது. ஆகவே மூட்டை கட்டும் முறையைச் சொல்லுமுன் காகிதங்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்யும்போது, 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை செய்தவருக்கு 6 வாரம். அதற்கு மேற்பட்டவருக்கு 8 வாரம். இதுவே பொருள்களைக் கட்டுவதற்கும், கணக்குகளை முடிப்பதற்கும் நமக்குக் கிடைக்கும் காலமாகும். அனுபவத்தில் முதல் ஆறு வாரங்கள் பேச்சிலேயே கழிந்துவிடுவதை நாம் காண்கிறோம்.

பெரும்பாலான வீடுகளில் பத்திரங்கள் ஒரு பிஸ்கட் தகரத்தில் இருக்கும்; சிலருடைய வீட்டில் சாமி படத்தின் பின்னால் சொருகப்பட்டிருக்கும். முதல் வாரத்திலேயே அவற்றையெல்லாம் எடுத்துப் பாயில் பரப்பி, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் பிறப்புப் பத்திரம் உள்ளதா, 12 வயது நிரம்பிய பிள்ளைக்கு அடையாளக் கார்டு எடுத்தாயிற்றா, பத்திரத்திலுள்ள பெயரும் கார்டிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திருமணப் பத்திரத்தையும் மறந்துவிடலாகாது. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. பதிவாகாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்தே முடிவு செய்யப்படுகிறது. தாய் குடியுரிமை பெறாதவராயின், தந்தை குடிமகனாக இருந்தும் பிள்ளை துன்பப்பட நேர்கிறது. இத்தகைய சிக்கல் இருப்பின் தோட்டத்தில் இருக்கும்போதே தேசியப் பதிவு இலாகாவை அணுகுதல் நன்று. பிரசவம் பார்த்தவரும், குடும்பத்தை அறிந்த அண்டை வீட்டாரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊர் கலைந்தபின் சாட்சிக்கு யாரைத் தேடுவது?

அடுத்தது தோட்டத்துக் காரியாலயம். ஆட்குறைப்பால் வேலையை இழப்பவர் குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி இழப்பீடு பெறத் தகுதியுள்ளவர். இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவான சேவைக்கு, ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். வேலை நின்ற நாளிலிருந்து 7 நாள்களுக்குள் இத்தொகை கொடுக்கப்பட வேண்டும். ஓய்வு வயதை எட்டி விலகுவோருக்கு இது பொருந்தாது.

இதில் சேவை ஆண்டுகளே உயிர்நாடி. 22 ஆண்டுகள் பால்மரம் சீவிய ஒருவருக்கு 440 நாள் சம்பளம் சேர வேண்டும். தோட்டம் கைமாறியபோது பழைய ஏடுகள் காணாமற்போய், 15 ஆண்டுகளுக்கு மட்டுமே சான்று இருக்குமாயின், 300 நாள் சம்பளமே கணக்கில் வரும். மீதி 140 நாள் சம்பளத்திற்கு அவர் வழக்காட வேண்டியதுதான். முதலாளிமார் தொழிலாளர் பதிவேட்டை 6 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பது சட்டம். அதற்கு முந்திய காலத்திற்கு ஏடு இல்லையென்று கூறினால் நாம் வியப்படைவதற்கில்லை. ஆதலால், எந்தத் தேதியில் வேலையில் சேர்ந்தார், எந்தத் தேதியில் நின்றார் என்று குறிப்பிட்டு, நிர்வாகியின் கையொப்பமும் முத்திரையும் கொண்ட கடிதத்தைப் புறப்படுமுன்னே கேட்டுப் பெறுங்கள். பழைய சம்பளச் சீட்டுகளை அடுப்பெரிக்கப் பயன்படுத்திவிடாதீர்கள். கணக்கில் ஐயம் எழுந்தால் தொழிலாளர் இலாகாவிடமோ தோட்டத் தொழிலாளர் சங்கத்திடமோ காட்டலாம். சேமநிதிக் கணக்கையும் இச்சமயம் சரிபார்த்து, சந்தா செலுத்தப்படாத மாதங்கள் இருப்பின் முறையிட வேண்டும். 2024 மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீடு வாங்குவதற்கான பணத்தைச் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து எடுக்கலாம்.

காகிதங்களை முடித்தபின் வீட்டுச் சாமான்களுக்கு வருவோம். லயத்து வீட்டில் அறைகள் சிறியனவாயினும் சுற்றிலும் இடம் உண்டு. அஞ்சடியில் ஆட்டுக்கல், பின்புறம் விறகு, கோழிக் கூண்டு, கறிவேப்பிலை மரம், சிலருக்கு மாட்டுக் கொட்டகையும் இருக்கும். மக்கள் வீடமைப்புத் திட்டத்து அடுக்குமாடி வீடோ மூன்று அறைகளுடன் 700 சதுர அடி. வீடு சிறிதன்று, வெளியிடந்தான் இல்லை. எனவே ஒரு நூற்கயிற்றை எடுத்துச் சென்று, புதிய வீட்டின் வாசலையும், படிக்கட்டின் திருப்பத்தையும், மின்தூக்கி இருந்தால் அதன் கதவையும் அளந்து முடிச்சுப் போட்டு வாருங்கள். அந்த முடிச்சுக்குள் அடங்காத அலமாரியைத் தோட்டத்திலேயே விற்றுவிடலாம். நான்காம் மாடிப் படிக்கட்டில் சிக்கிய அலமாரியைப் பின்னர் யாரும் விலைக்குக் கேட்க மாட்டார்கள். மாடு வளர்ப்போர் ஒரு மாதத்திற்கு முன்பே வாங்குவோரைத் தேட வேண்டும். கடைசி வாரத்தில் விற்பவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருந்துகிறார். ஆட்டுக்கல்லையும் உரலையும் எடுத்துச் செல்வதா என்பது அவரவர் விருப்பம். பாட்டி கையாண்ட பொருள் என்ற பாசத்தை நாங்கள் குறை கூறவில்லை. ஆயினும் மேல்மாடியில் உலக்கை போட்டால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

எடுத்துச் செல்லவே கூடாத பொருள்களும் உள்ளன. களைக்கொல்லி மருந்தைப் பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருந்துவந்தது. பாராகுவாட் என்னும் மருந்தை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டுள்ளது. அதனை ஒரு வாய் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து. குணப்படுத்தும் மாற்று மருந்து கிடையாது. வீடு மாறும் குழப்பத்தில் தாகமெடுத்த பிள்ளை எந்தப் புட்டியைத் திறக்கும் என்று யார் கண்டார்? மருந்துப் புட்டிகளையும், பால் உறைய வைக்கும் எசிட்டையும் கங்காணியிடமோ மருந்து ஸ்டோரிலோ ஒப்படைத்துவிடுங்கள். கழுவிய காலிப் புட்டியையும் சமையலறைக்குள் கொண்டு போக வேண்டாம்.

தண்ணீர்ப் பீப்பாயைப் பற்றி ஒரு வார்த்தை. கவிழ்த்துக் காயவைத்தால் சுத்தமாகிவிட்டது என்று எண்ணுகிறோம். ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரிந்துவிடும். ஆகையால் பீப்பாய், பூச்சாடி, வாளி ஆகியவற்றின் உட்புறத்தைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவிய பின்னரே லோரியில் ஏற்ற வேண்டும். இல்லாவிடில் டிங்கிக் காய்ச்சலுக்கு நாமே வழி செய்தவர்களாவோம். கொசு பெருக இடங்கொடுக்கும் வீட்டாருக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

கட்டும் வேலையில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கனமானவை சிறு பெட்டியிலும், இலேசானவை பெரிய பெட்டியிலும் போக வேண்டும். தட்டுகளைப் படுக்கவைக்காமல் ஓரத்தில் நிறுத்தி, இடையிடையே பழைய துணி வைத்து அடுக்கினால் உடைவது குறையும். குத்துவிளக்கைக் கழற்றிப் போர்வைக்குள் சுற்றலாம். பால்வெட்டும் கத்தியையும் அரிவாளையும் தடித்த சாக்கில் சுற்றி, மேலே அடையாளமிடுங்கள். குளிர்பெட்டியை முந்திய நாளே நிறுத்திப் பனியை உருகவிட்டு, நிமிர்த்தியபடியே ஏற்றுங்கள்; இறக்கியவுடன் மின்சாரம் கொடுக்காமல் சில மணி நேரம் பொறுத்திருப்பது அதன் இயந்திரத்திற்கு நல்லது. கேஸ் தோம்பின் திருகை இறுக மூடி, செங்குத்தாகக் கட்ட வேண்டும். ஆட்கள் அமரும் மூடிய வேனுக்குள் அது கூடாது. பால் காய்ச்சும் பாத்திரம், அரிசி, சர்க்கரை, தீப்பெட்டி, ஒரு மாற்றுடை ஆகியவை கடைசியாக ஏறட்டும். முதலில் தேவைப்படுபவை அவையே. பிஸ்கட் தகரத்தை மட்டும் லோரிக்காரரிடம் ஒப்படைக்காமல், வீட்டிற்குப் பெரியவர் தம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் பள்ளி மாற்றத்திற்குத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, புதிய இடத்திற்கு அருகில் தமிழ்ப்பள்ளி எது, அங்கு இடம் உண்டா என்று விசாரித்து வையுங்கள். ஆடி மாதத்தில் வீடு மாறுவதைத் தவிர்ப்போர் நாள் பார்க்கும்போது, முன்னறிவிப்புக் காலம் எப்போது முடிகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்பது நல்லது. லயத்து வீட்டைக் கூட்டிவிட்டுச் சாவியைக் காரியாலயத்தில் கொடுக்கும்போது, கிராணியாரிடம் ஒப்படைத்ததற்கான சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய வீட்டில் பால் பொங்கியதும் அலைச்சல் முடிந்துவிடுவதில்லை. நிரந்தர முகவரி மாறினால் 30 நாள்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் தெரிவிக்க வேண்டும். வாக்களிக்கும் இடத்தை மாற்றத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2018இல் தொடங்கப்பட்ட வேலைக் காப்புறுதித் திட்டத்தின்கீழ் உதவி கோருவோர், வேலை போன 60 நாள்களுக்குள் சொக்சோவிடம் மனுச் செய்ய வேண்டும். மனுவோடு வேலை நிறுத்தக் கடிதத்தையும் இணைக்க வேண்டியிருப்பதால், அக்கடிதமும் பிஸ்கட் தகரத்திலேயே இருக்கட்டும்.