முதலில் அருள், பின்னர் வழி

ஏரைப் பூட்டும் உழவன் மழையை வரவழைப்பதில்லை; பெய்த மழையைக் கண்டு ஏரைப் பூட்டுகிறான். கிறிஸ்தவ விசுவாசத்தின் தொடக்கமும் இத்தகையதே. நாமே இறைவனைத் தேடிப் புறப்பட்டோம் என்று எண்ணுகிறோம். ஆனால் தேடவேண்டும் என்னும் ஆவலையே நம் உள்ளத்தில் விதைத்தவர் அவர்தாம் என்று திருச்சபை கற்பிக்கிறது. 1547-ஆம் ஆண்டு திரெந்துப் பொதுச்சங்கம் இதைத் தெளிவாக எடுத்துரைத்தது. வயது வந்தோரின் மனமாற்றத்திற்குத் தொடக்கம், அவர்களுடைய தகுதியைப் பாராமல் முந்திக்கொண்டு வரும் இறையருளே. ஆயினும் அருள் மனிதரை மரப்பாவையாக ஆட்டிவைப்பதில்லை. அதை ஏற்கவும் தள்ளவும் நமக்கு உரிமை உண்டு என்றும் அதே சங்கம் கூறியது.

அருள் முந்துகிறது, நாம் சம்மதிக்கிறோம், அதன்பின் வழி புலப்படுகிறது. இவ்வுண்மையை ஏட்டில் கற்பதைவிட ஒரு பெண்ணின் வாழ்வில் காண்பது எளிது. அவர்தாம் புனித ஜோசபின் பக்கீத்தா.

இவர் ஆப்பிரிக்காவில் சூடான் நாட்டின் டார்பூர் பகுதியில் ஏறத்தாழ 1869-இல் பிறந்தார். சிறுமியாக இருந்தபோதே அடிமை வணிகர்கள் இவரைக் கடத்திச் சென்றனர். அந்த அதிர்ச்சியில் பெற்றோர் இட்ட பெயரையே இவர் மறந்துவிட்டார். கடத்தியவர்கள் சூட்டிய பெயர்தான் பக்கீத்தா. அரபு மொழியில் 'பாக்கியவதி' என்பது அதன் பொருள்! பலமுறை சந்தையில் விற்கப்பட்ட இப்'பாக்கியவதி'யின் உடலில், ஒரு படை அதிகாரியின் வீட்டில், கத்தியால் கோலங்கள் கீறிக் காயங்களில் உப்பைத் தேய்த்தனர். அத்தழும்புகள் இறுதிவரை மறையவில்லை.

அக்காலத்தில் இவருக்கு வேதம் தெரியாது, செபம் தெரியாது, இயேசு என்னும் பெயரைச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. ஆயினும் கதிரவனையும் நிலவையும் விண்மீன்களையும் காணும்போதெல்லாம், இவற்றுக்கு எசமானர் யாரோ என்று வியந்து, அவரைக் காணவும் வணங்கவும் ஆசைப்பட்டார். சவுக்கேந்திய எசமானர்களையே கண்டு வளர்ந்த ஒரு சிறுமிக்கு, வணங்கத்தக்க நல்ல எசமானர் ஒருவர் உண்டு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் முந்தி வரும் அருள் என்கிறோம்.

இங்கு ஒன்றை நாம் தவறாக எண்ணிவிடலாகாது. அவருடைய துன்பத்தை இறைவன் அனுப்பினார் என்பதன்று பொருள். அடிமைத்தனம் மனிதர் செய்த பாவம். அப்பாவத்தின் நடுவிலும் அருள் அவரைக் கைவிடவில்லை என்பதே பொருள்.

1883-இல் கார்த்தூம் நகரில் கலிஸ்தோ லெஞ்ஞானி என்ற இத்தாலியத் தூதரக அதிகாரி அவரை விலைக்கு வாங்கினார். அவ்வீட்டில் அடியும் இல்லை, வசையும் இல்லை. 1885-இல் அவருடன் இத்தாலிக்குச் சென்ற பக்கீத்தா, அங்கு மிக்கியேலி குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, மிம்மினா என்னும் அவர்களுடைய குழந்தையை வளர்த்துவந்தார். அக்குடும்பத்தின் காரியங்களைக் கவனித்த இல்லுமினாத்தோ கெக்கீனி என்பவர் அவருக்கு ஒரு வெள்ளிச் சிலுவையைக் கொடுத்தார். சிலுவையில் தொங்கியவர் யார் என்பதை முழுதும் அறியுமுன்னரே, பக்கீத்தா அதைப் பத்திரமாகப் பேணிவந்தார்.

1888-இல் வீட்டுத்தலைவி தொழில் நிமித்தம் சூடானுக்குப் புறப்பட்டபோது, குழந்தையையும் பக்கீத்தாவையும் வெனிஸ் நகரிலிருந்த கனோசியன் கன்னியரிடம் விட்டுச்சென்றார். அங்கே பக்கீத்தா முறையாக ஞான உபதேசம் கற்றார். தம் உள்ளம் சிறுவயது முதல் தேடிய எசமானரின் பெயரை அங்குதான் அறிந்தார். அவரும் அடிபட்டவர், காயப்பட்டவர் என்பதையும் அறிந்தார்.

அடுத்த ஆண்டு தலைவி திரும்பிவந்து, தம்முடன் சூடானுக்குப் புறப்படும்படி கூறினார். பக்கீத்தா அக்குழந்தையை உயிராக நேசித்தார்; தலைவிக்கு நன்றியும் பாராட்டினார். ஆனால் ஞானஸ்நானம் பெறாமல் அங்கிருந்து போக அவர் உடன்படவில்லை. வாழ்நாளெல்லாம் பிறர் சொற்படியே நடந்தவர், முதன்முறையாக "மாட்டேன்" என்றார். வழக்கு அதிகாரிகளிடம் சென்றது. கர்தினால் அகொஸ்தீனியும் அரசு வழக்கறிஞரும் தலையிட்டனர். இத்தாலியச் சட்டம் அடிமை முறையை ஏற்பதில்லை. ஆகவே பக்கீத்தா சுதந்திரப் பெண் என்று 1889 நவம்பர் 29-ஆம் நாள் தீர்ப்பாயிற்று.

வழி எவ்வாறு புலப்பட்டது என்பதைக் கவனித்தீர்களா? வானிலிருந்து குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் கொடுத்த சிலுவை, கன்னியரின் பொறுமையான போதனை, இக்கட்டான நாளில் அவரே செய்த முடிவு ஆகிய மூன்றின் வழியாகவே இறைவன் அவரை நடத்தினார்.

1890 ஜனவரி 9-ஆம் நாள் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திவ்விய நற்கருணை ஆகிய மூன்றையும் அவர் ஒரே நாளில் பெற்றார். பின்னாளில் அந்த ஞானஸ்நானத் தொட்டியை அவர் முத்தமிடுவதைப் பலர் கண்டனர். விலைபேசப்பட்டவர் இறைவனின் மகளான இடம் அதுவல்லவா!

பெரியவர்கள் விசுவாசத்தில் நுழைவதற்கு இன்றும் படிப்படியான முறை உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விருப்பப்படி, பழைய திருச்சபையின் இம்முறை 1972-இல் புதுப்பித்து வெளியிடப்பட்டது. முதலில் விசாரித்து அறிதல். பின் நெற்றியில் சிலுவை அடையாளம் பெற்று உபதேசம் கற்றல். தவக்காலத்தில் இறுதி ஆயத்தம். பாஸ்காத் திருவிழிப்பில் மூன்று அருட்சாதனங்கள். ஒருவரையும் அவசரப்படுத்தாத முறை இது. பயிரும் ஒரே இரவில் கதிர் விடுவதில்லையே!

பக்கீத்தாவின் பிற்கால வாழ்வில் உலகம் வியக்கும் செயல்கள் மிகுதியாக இல்லை. 1896-இல் கன்னியராக வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902 முதல் பெரும்பாலும் ஸ்கியோ என்னும் ஊரில் சமையல், தையல், வாயிற்காவல் ஆகிய பணிகளைச் செய்தார். தம்மைக் கடத்தியவர்களையும் மன்னித்தார். 1947 பிப்ரவரி 8-இல் இறைவனடி சேர்ந்த அவரைத் திருச்சபை 2000 அக்டோபர் முதல் நாள் புனிதராக உயர்த்தியது. கடத்தப்படுவோருக்காகச் செபிக்கும் நாளாக அவருடைய திருநாள் 2015 முதல் அனுசரிக்கப்படுகிறது.

தோழியரே! நம்மில் பலர் கைக்குழந்தையாய் ஞானஸ்நானம் பெற்றோம். நம் பெயரால் ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுத்தனர். அருள் முந்திவிட்டது, சம்மதம்தான் நம்முடையதாக வேண்டும். பள்ளிவாழ்வு முடிந்து படிப்பு, வேலை, திருமணம், துறவு என்று பாதைகள் பிரியும் வேளையில், எதற்கு "ஆம்" என்பது, எதற்கு "மாட்டேன்" என்பது என்னும் கேள்வி நம் ஒவ்வொருவரிடமும் வரும். முழுப்பாதையும் ஒரே நாளில் தெரியவேண்டும் என்று கலங்க வேண்டாம். செபத்தில் நிலைத்து, நல்லோரின் அறிவுரை கேட்டு, மனச்சான்று காட்டும் அடுத்த அடியை அச்சமின்றி எடுத்துவைப்போம். பெயரை இழந்த ஒரு சிறுமியை மறவாதவர் நம்மையும் மறவார்.