இரண்டு வாளி, நான்கு துவாய்

யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியாகத் தீவகத்துச் சரவணைக்கு வரும் எந்த வாகனமும் முதலில் கடலைக் கடக்க வேண்டும். பண்ணைத் தாம்போதியின் இரு பக்கமும் ஆழமில்லாத கடல். அதைத் தாண்டினால் அல்லைப்பிட்டி, மண்கும்பான் மணற்பாங்கு. பிறகு வேலணை, அதன் பின் சரவணை. புங்குடுதீவுக்கோ குறிகாட்டுவான் இறங்குதுறைக்கோ போகிறவர் வாணர் தாம்போதியில் இன்னொரு முறை கடலுக்கு நடுவே ஓட வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இந்த வழியில் போய்வந்த காரின் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தால் இரண்டு பொருட்கள் கையில் ஒட்டும்: உப்பு, மணல்.

தீவகத்தில் கார் கழுவுவது என்றால் இந்த இரண்டையும் பெயின்ற்றில் கீறல் விழாமல் இறக்கிவிடுவது. பளபளப்பு அதன் பின்னால் தானாக வரும். புதிதாகக் கார் வாங்கியவர் கடைக்குப் போனால் வண்ண வண்ணப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க உப்பும் மணலும் என்ன செய்கின்றன என்று அறிந்தால் போதும். அப்படி அறிந்தவருக்குக் கழுவும் செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. கார் விலை இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. கையில் இருக்கும் வாகனத்தை நீண்ட காலம் வைத்திருப்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதும் அல்ல. மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் உலகத்தின் பல இடங்களில் பழைய இரும்பாகிப் போன பின்பும் இங்கே ஓடின. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயிலும் ஓடின. அந்தப் பொறுமைக்கு ஏற்ற கழுவல் முறை ஒன்று நமக்கு வேண்டும்.

உப்பு என்ன செய்கிறது?

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது சிதறும் நுண்துளிகளைக் காற்று தூக்கிவருகிறது. வழியில் நீர் காய்கிறது. உப்பு மட்டும் காரில் படிகிறது. வெயிலில் அது வெறும் தூள்போலக் கிடக்கும். ஆனால் காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே ஈரமாகும். அதனால் மழை ஒரு துளியும் விழாத இரவிலும் காரின் அடிப்பகுதி உப்புநீரில் நனைந்தபடி நிற்கிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். உப்புக் கரைந்த நீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் அந்தத் தாக்கம் விரைவாக நடக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பெயின்ற்றுக்குக் கீழே அது பெருகும்போதுதான் மேலே கொப்புளம் தெரிகிறது. கொப்புளம் கண்ணில் படும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும். மொரிஸ் மைனர் போன்ற கார்களிலும் இன்றைய பெரும்பாலான கார்களிலும் தனிச் சட்டம் கிடையாது. பொடி எனப்படும் உடற்கூடே காரைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி உக்கினால் அழகோடு காரின் பலமும் போகும்.

ஆகவே சரவணையில் கார் கழுவத் தொடங்க வேண்டிய இடம் அடிப்பகுதி. சக்கரக் குழிகள், கதவின் கீழ் விளிம்பு, பம்பரின் பின்புறம் எல்லாம் அதில் அடங்கும். கதவின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. மணல் அவற்றை அடைத்தால் உப்புநீர் கதவுக்குள்ளேயே தேங்கும். அந்தத் துளையைத் திறக்க ஒரு ஈர்க்கு போதும்.

மணல் என்ன செய்கிறது?

கார்ப் பெயின்ற் பல படைகளாக இருக்கிறது: இரும்பின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். கிளியர் கோட்டின் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரை. நம் தலைமயிரே பெரும்பாலும் அதைவிடத் தடிப்பானது. குவார்ட்ஸ் மணல் கனிமங்களின் கடினத்தன்மை அளவுகோலில் 7ஆம் இடத்தில் இருக்கிறது. சாதாரண இரும்பையும் அது கீறும். அந்த மணல் துணிக்கும் பெயின்ற்றுக்கும் இடையில் அகப்பட்டால், துடைக்கும் ஒவ்வொரு முறையும் கோடு விழும். வெயிலில் கருப்புக் காரைப் பார்க்கும்போது வட்ட வட்டமாகத் தெரியும் சிலந்திவலைக் கோடுகள் பெரும்பாலும் கழுவும்போது விழுந்தவை.

இதிலிருந்து ஒரே ஒரு விதி பிறக்கிறது: மணலை முதலில் நீரால் இறக்க வேண்டும், அதன் பிறகே துணி பட வேண்டும். உலர்ந்த தூசியைக் காலையில் பழந்துணியால் தட்டித் துடைத்துவிட்டுப் புறப்படும் பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. அதை நிறுத்தினாலே காரின் மினுக்கம் பல ஆண்டு நீடிக்கும்.

முதலில் வாங்க வேண்டியவை

இரண்டு வாளிகள். ஒன்றில் சவர்க்கார நீர், மற்றதில் வெறும் நீர். துணியைச் சவர்க்கார நீரில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவி, வெறும் நீரில் அலசி மணலை அங்கே விட்டுவிட்டு, மறுபடி சவர்க்கார நீருக்கு வர வேண்டும். வீட்டில் ஏற்கெனவே வாளி இருந்தால் செலவே இல்லை. அலசும் வாளியின் அடியில் துளையுள்ள பிளாஸ்ரிக் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால், அடியில் படிந்த மணல் மீண்டும் கலங்கி மேலே வராது.

கழுவும் கையுறை. நீண்ட மென்னிழைகள் கொண்ட மைக்ரோபைபர் கையுறை மணலை இழைகளுக்குள் வாங்கிக்கொள்ளும். தட்டையான ஸ்பொஞ்ச் மணலைத் தன் முகத்திலேயே பிடித்துப் பெயின்ற்றில் தேய்க்கும். பொச்சும் தும்பும் ரயருக்கு நல்லவை. பெயின்ற்றுக்கு அருகில் கொண்டுவரக் கூடாது.

நான்கு மைக்ரோபைபர் துவாய்கள். மைக்ரோபைபர் என்பது பொலியெஸ்ரரையும் பொலிஅமைட்டையும் சேர்த்து மிக மெல்லிய இழைகளாகப் பிரித்து நெய்த துணி. பருத்தியைவிட விரைவாக நீரை இழுக்கும். ஒரு சதுர மீற்றருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ளதைப் பார்த்து வாங்கினால் ஆரம்பத்துக்கு நிறைவு. இரண்டு பொடிக்கு, ஒன்று கண்ணாடிக்கு, ஒன்று சக்கரத்துக்கும் கதவு விளிம்புக்கும். வெவ்வேறு நிறத்தில் எடுத்தால் ஒன்றுக்கொன்று மாறாது. விளிம்பில் தைத்த விளம்பரத் துண்டை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். நிலத்தில் விழுந்த துவாயை அப்படியே எடுத்துத் துடைக்கக் கூடாது. மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தனியாகத் தோய்த்து நிழலில் காயவிடுங்கள். உடுப்பை மென்மையாக்கும் திரவம் போட்டால் இழைகள் நீரை இழுக்கும் தன்மையை இழந்துவிடும்.

கார் ஷம்பூ. போத்தல்களில் பணம் கொடுத்து வாங்க வேண்டியது முதலில் இதுதான். சட்டிபானை கழுவும் திரவம் எண்ணெயை நீக்குவதற்காகச் செய்யப்பட்டது. காரில் பூசிய மெழுகையும் சேர்த்துக் கொண்டுபோகும். கட்டியாக வரும் பாத்திரச் சவர்க்காரங்கள் பலவற்றில் உராய்வுத் தூள் உண்டு. உடுப்புத் தோய்க்கும் தூள் காரத்தன்மை மிகுந்தது. நம் கிணற்று நீரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கடின நீரில் கல்சியம் அதிகம். சாதாரணக் கட்டிச் சவர்க்காரம் அதோடு சேர்ந்து நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் திரியும். ஷம்பூவில் இருக்கும் செயற்கைச் சலவைப் பொருட்கள் அப்படித் திரிவதில்லை. வாங்கும்போது pH சமநிலை உள்ளதா என்று பாருங்கள். ஒரு வாளிக்கு மூடி அளவே போதுமாகையால் ஒரு போத்தல் பல மாதம் வரும்.

கையால் அமுக்கும் தெளிப்பான். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் வகையில் சிறியது. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்தே சக்கரக் குழிகளையும் கதவு விளிம்புகளையும் இதனால் கழுவலாம். பூச்சிமருந்து அடித்த பழையதை எடுக்காமல் புதிதாக வாங்குங்கள். உயரழுத்த நீர்ப்பம்பைப் பிறகு பார்க்கலாம். அதுவரை மாதத்தில் ஒருமுறை சேர்விஸ் ஸ்ரேசனில் அடிப்பகுதியை மட்டும் கழுவிக்கொள்வது மலிவு. அங்கே டீசல் அடிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணெய் பட்டால் இயற்கை றப்பர் ஊதி இளகும். அடிப்பகுதியில் றப்பர்ப் பாகங்கள் நிறைய உண்டு.

எந்தத் தண்ணீர்?

தீவகத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு எல்லா வளவிலும் இல்லை. சவர்த் தண்ணீரால் உப்பைக் கழுவினால் ஓர் உப்பை எடுத்து இன்னோர் உப்பை வைத்ததாகும். மணலை இறக்கச் சவர்த் தண்ணீரைப் பாவிக்க நேர்ந்தாலும், கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பீலியில் பிடித்துத் தாங்கியில் சேர்த்த மழைநீர் எல்லாவற்றிலும் சிறந்தது. அதில் கல்சியமும் உப்பும் மிகக் குறைவு. தெளிப்பானில் மழைநீரை நிரப்பிக் கடைசியாக அடித்தால் சிறிதளவிலேயே முழுக்காரும் அலசப்படும்.

கடின நீர் காரிலேயே காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும். அது கல்சியம் காபனேற்று, கேத்தலின் அடியில் படியும் அதே பொருள். காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலையில், பொடி சூடாறிய பிறகு கழுவி, உடனே துடைத்துவிட்டால் புள்ளி வராது. வந்துவிட்ட புள்ளிக்கு வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து துணியில் நனைத்து ஒற்றியெடுத்து, நன்றாக அலசுங்கள். வினாகிரி மெழுகையும் குறைக்கும் என்பதால் அந்த இடத்தில் பிறகு மெழுகு பூச வேண்டும்.

கழுவிய நீர் ஓடும் திசையையும் பார்க்க வேண்டும். நம் நிலத்தடியில் இருப்பது வெடிப்பும் குழியும் நிறைந்த சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது விரைவாகக் கீழே போகும். குடாநாட்டின் சுன்னாகத்தில் நிலத்தடி வழியாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கிணற்றடியிலிருந்து நன்றாக விலகி, மண்ணும் புல்லும் உள்ள இடத்தில் காரை நிறுத்திக் கழுவுங்கள்.

மெழுகு ஏன், எப்போது?

கழுவிக் காய்ந்த பெயின்ற்றில் மெல்லிய மெழுகுப் படை இருந்தால் உப்பும் காகத்தின் எச்சமும் நேரே பெயின்ற்றில் ஒட்டாது. அடுத்த கழுவலில் தேய்ப்பும் குறையும். பசைமெழுகு டின்களில் பெயர் காணும் கர்னோபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையில் சுரப்பது. விசிறி போன்ற ஓலையுடைய அந்த மரம் நம் பனைக்குச் சொந்தக்காரன். வறண்ட காலத்தில் ஓலையிலிருந்து நீர் ஆவியாகாமல் காக்கவே மரம் அந்த மெழுகைச் சுரக்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி மெழுகைத் தூளாக உதிர்த்து, உருக்கி எடுக்கிறார்கள். அது உருக 80 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். அதனால் நம் வெயிலில் நின்ற காரிலும் அது உருகி ஓடாது. ஆனாலும் மழையும் கழுவலும் அதைக் குறைத்துக்கொண்டே போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூசினால் நல்லது. ஒரு சிறிய டின் நீண்ட காலம் வரும்.

இப்போதைக்கு வேண்டாதவை

கொம்பவுண்ட், பொலிஷ் இரண்டும் கீறலை மறைப்பதில்லை. கீறலின் ஆழம் வரை கிளியர் கோட்டைச் சீவி எடுக்கின்றன. பழக்கமில்லாத கையில் அது திரும்பப் பெற முடியாத இழப்பு. பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களில் கிளியர் கோட்டே இல்லை. பொலிஷ் போட்டால் காரின் நிறமே துணியில் வரும். சக்கரம் துடைக்கும் அமிலத் திரவங்கள் அலுமினியத்தைத் தின்னும். ஷம்பூவும் ஒரு தூரிகையும் அந்த வேலையைச் செய்யும். ரயரைக் கறுப்பாக்கும் திரவத்தால் ரயரின் ஆயுள் கூடாது. தார்ப் புள்ளிக்குத் தனிப் போத்தல் வேண்டியதில்லை. துணி நுனியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டு நீக்கி, உடனே ஷம்பூ நீரால் கழுவினால் போதும்.

காரின் உள்ளே செய்ய வேண்டியது சிறிதே. சாட்டிக் கடற்கரைக்குப் போய்வந்த கால்களோடு வரும் மணல், விரிப்பின் அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். விரிப்புகளைத் தூக்கி உதறி, தரை காயும்வரை கதவுகளைத் திறந்து வையுங்கள். கார் உள்ளிருந்தும் உக்கும்.

பணம் கொஞ்சமாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள்: முதல் மாதம் துவாய்களும் கையுறையும், அடுத்து ஷம்பூ, அதன் பின் தெளிப்பான், கடைசியாக மெழுகு. மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் இதே பொருட்களே போதும். மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கு மட்டும் கழுவிக் காய்ந்ததும் எண்ணெய் இட வேண்டும்.

தன் கையால் கழுவுகிறவருக்கு இன்னொரு பெரிய பயன் உண்டு. காரின் ஒவ்வொரு அங்குலத்தையும் அவர் கண்ணால் பார்க்கிறார், கையால் தொடுகிறார். கதவு விளிம்பில் எழும் முதல் கொப்புளம், கல் பட்டுப் பெயின்ற் தெறித்த புள்ளி, அடைத்துப்போன வடிதுளை எல்லாம் அவருக்கே முதலில் தெரியும். அந்த நேரத்தில் அது ஒரு துண்டு மண்கடதாசிக்கும் சிறு டின் துருத் தடுப்புப் பூச்சுக்குமான வேலை. ஓர் ஆண்டு கழித்துத் தெரிந்தால் வெட்டி ஒட்டும் வேலை. உப்புக் காற்றை நிறுத்த எவராலும் முடியாது. துரு தொடங்கும் இடத்தைக் காலத்தோடு கண்டுபிடிப்பது சரவணையில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவராலும் முடியும்.