ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தாச்சா? குடியைப் பற்றிச் சொல்லுங்கள்

உடம்பு பெருத்து, சீனி வருத்தமும் சேர்ந்தவர்களுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் கொழும்பில் செய்கிறார்கள். அதன் பிறகு பழைய அளவு குடித்தால் வெறி சீக்கிரம் ஏறும், அதிகமாகவும் ஏறும். எடையும் குறையாது: 1 கிராம் சீனியில் 4 கலோரி என்றால் 1 கிராம் மதுசாரத்தில் 7.

குடலிறக்கத்துக்கோ பித்தக்கல்லுக்கோ இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரியில் படுப்பவருக்கும் இது பொருந்தும். குடிப்பவருக்குப் புண்ணில் சீழ் பிடிப்பதும் இரத்தம் கசிவதும் அதிகம். 4 வாரம் முந்தியே நிறுத்தினால் அந்த ஆபத்து குறையும். கசிப்பு, சாராயம், கித்துள் கள்ளு எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் தினமும் நிறையக் குடிக்கிறவர் தானாகத் திடீரென்று விடக்கூடாது. கை நடுங்கும், வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம். இதைப் பேய் என்று நினைத்து நூல் கட்டியவர்களும் உண்டு. பேயுமில்லை, பிசாசுமில்லை, உடம்பு குடியைத் தேடுகிறது. அதற்கு மருந்து இருக்கிறது.

ஆகவே டொக்டர் கேட்கும்போது "சம்பளத்தன்று கொஞ்சம்" என்று மழுப்பாதீர்கள். தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது என்று உள்ளதைச் சொல்லுங்கள். அண்ணன் வெட்கப்பட்டு வாய் திறக்காவிட்டால், கூடப் போகும் அண்ணியே, நீங்களாவது சொல்லிவிடுங்கள்.