ஒரு குச்சி, இரண்டு வகுப்பறை, ஒரு பூமி

பூமியின் சுற்றளவை அளக்க ராக்கெட் வேண்டுமா? வேண்டாம். ஒரு மீட்டர் குச்சியும், தொலைதூரத்தில் ஒரு தோழமை வகுப்பும் போதும்.

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் நிழலை வைத்தே இதைக் கணக்கிட்டார். பிரான்சில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் ஒன்றின் மூலம் பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இதைச் சேர்ந்து செய்திருக்கிறார்கள்.

எப்படி? இரவும் பகலும் சமமாக வரும் மார்ச் 20-ஐ ஒட்டிய நாளை எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கோட்டை ஒட்டிய உகாண்டாவின் கம்பாலாவில் நண்பகலில் குச்சிக்கு நிழல் அநேகமாக இருக்காது. அன்றே இத்தாலியின் டூரினில், அந்த ஊர் நண்பகலில், ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நிழல்! அதாவது 45 டிகிரி. வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காகத் தூரம் சுமார் 5,000 கி.மீ. எட்டால் பெருக்கிப் பாருங்க: 40,000 கி.மீ. அவ்வளவுதான், பூமியே கணக்கில் அடங்கிவிட்டது! (நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல, நிழல் மிகக் குட்டையாகும் நேரம்.)

எதிர் வகுப்பின் அளவு வராவிட்டால் நம்ம அளவு பாதிக் கணக்குதான். இங்கே குச்சி சாய்ந்தால் அங்கே இருப்பவன் விடையும் கெடும். எங்க அப்பா கொத்தனார். சுவருக்கு அவர் பிடிக்கிற தூக்குக்குண்டுதான் இந்தக் குச்சியையும் நேராக நிறுத்தும்.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "பெரிய லேப் இல்லாம என்னத்தக் கத்துக்கப் போற?" என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். வெயிலுக்குக் கட்டணம் கிடையாது. உள்ளதை உள்ளபடி அளந்து எழுதினால், உலக வகுப்பறையில் நமக்கும் ஒரு பெஞ்சு உண்டு!