சாப்ட்வேர் வேலைக்கு பிள்ளையை அனுப்பப் போறீங்களா? நகையை அடகு வைக்கும் முன் இதைப் படிங்க!

விழுப்புரம்:

"சார், பையனை கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேர்க்கலாமா? இல்ல ஐ.டி. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?"

பிளஸ்-2 ரிசல்ட் வந்துவிட்டால் போதும், பஸ் நிலைய டீக்கடையில் நிருபர் என்று தெரிந்தவர்கள் நம்மை மடக்கிக் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பவர் ஆட்டோ ஓட்டுபவராக இருப்பார், கரும்பு வெட்டப் போகிறவராக இருப்பார். வீட்டில் இருக்கும் 5 பவுனையும் பிள்ளை படிப்புக்காக பேங்கில் வைக்கலாமா என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி.

நம்ம மாவட்டத்துக்கே ஐ.டி. வந்து விட்டது. வானூர் அருகே திருச்சிற்றம்பலத்தில் 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதே வருடம் தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியிலும் திறந்தார்கள். சென்னை தரமணியில் டைடல் பார்க் வந்தது 2000-ம் ஆண்டு. நம்ம ஊருக்கு வர 24 வருடம் ஆகியிருக்கிறது.

ஆனால் கட்டிடம் வந்த நேரத்தில்தான் அந்தத் தொழிலும் ஆட்டம் கண்டிருக்கிறது.

12 ஆயிரம் பேருக்கு 'கல்தா'

2025-ம் ஆண்டு ஜூலை மாதம், நாட்டின் மிகப்பெரிய ஐ.டி. கம்பெனியான டி.சி.எஸ்., சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அங்கே மொத்தம் வேலை பார்த்தவர்கள் சுமார் 6 லட்சத்து 13 ஆயிரம் பேர். கணக்குப் பார்த்தால் 100-க்கு 2 பேர்.

இதில் கவனிக்க வேண்டியது, போகச் சொன்னது புதுசாகச் சேர்ந்த பசங்களை அல்ல. பெரும்பாலும் நடுத்தர, மேல் பதவியில் இருந்தவர்களை. வீட்டுக் கடன், கார் கடன், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் என்று கழுத்து வரை இருக்கிற வயசுக்காரர்களை.

காரணம் ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு அல்ல, தேவைப்படும் திறமைக்கும் இருக்கும் திறமைக்கும் பொருத்தம் இல்லாததுதான் என்று கம்பெனி தரப்பில் சொல்லப்பட்டது. எது எப்படியோ, வேலை போனது போனதுதான்.

'பெஞ்ச்' என்றால் என்ன?

இது புரிய வேண்டுமானால் அந்தக் கம்பெனிகள் எப்படி சம்பாதிக்கின்றன என்று தெரிய வேண்டும். கொத்தனார் மேஸ்திரி கதைதான். அமெரிக்காவில் ஒரு பேங்க், "எனக்கு 50 ஆள் வேண்டும்" என்று கேட்கும். கம்பெனி அனுப்பும். ஒரு ஆளுக்கு மணிக்கு இவ்வளவு டாலர் என்று பில் போடும். அதில் ஒரு பகுதி நம்ம பிள்ளைக்கு சம்பளம், மீதி கம்பெனிக்கு.

அந்த பேங்க் வேலை முடிந்தால் 50 பேரும் சும்மா. அடுத்த வேலை கிடைக்கும் வரை சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருப்பதற்குப் பெயர்தான் 'பெஞ்ச்'. கொஞ்ச நாள் என்றால் பொறுத்துக் கொள்வார்கள். அதற்கு மேல் போனால் எச்.ஆர். அறைக்கு அழைப்பு வரும்.

15 வருட அனுபவசாலிக்கு சம்பளம் அதிகம். அவர் கற்ற வித்தை பழசாகி, ஆளை நிர்வாகம் செய்வது மட்டும்தான் தெரியும் என்றால், அவருக்கு பில் போட எந்த வாடிக்கையாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் தலை உருள்வது அவருக்குத்தான்.

மாறிக்கொண்டே இருக்கும் மொழி

இது ஒன்றும் முதல் தடவை அல்ல. இந்தத் தொழில் நம்ம ஆட்களுக்கு பெரிசாகக் கிடைத்ததே ஒரு கோளாறால்தான். பழைய கம்ப்யூட்டர்களில் வருடத்தை 98, 99 என்று 2 எண்ணில் எழுதி வைத்திருந்தார்கள். 2000 பிறந்தால் 00 என்று வரும், மெஷின் அதை 1900 என்று நினைத்து கணக்கைக் குழப்பிவிடும் என்ற பயம். 'ஒய்-2-கே' என்றார்கள். அதைச் சரி செய்ய ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்கு வேலை கிடைத்தது. 2001-ல் டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்ததும் வேலை சுருங்கியது. 2008-ல் அமெரிக்க பேங்குகள் சாய்ந்தபோது மறுபடியும் அடி.

நடுவில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்து 'விஷுவல் பேசிக்', 'பிளாஷ்' கற்றுக் கொடுத்தார்கள். விஷுவல் பேசிக்-6-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2008-ல் நின்றது. பிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது. அதை மட்டும் நம்பியவர்கள் கதி அதோகதி.

அதே சமயம் 1959-ல் பிறந்த 'கோபால்' என்ற கம்ப்யூட்டர் மொழி இன்னும் பல பேங்குகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. தெரிந்தவர்கள் குறைந்து விட்டதால் அவர்களுக்கு மவுசு. வேடிக்கைதான்.

நமக்குத் தெரிந்த தொழிலிலேயே பார்க்கலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வண்டிகள் வந்தன. கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஸ்க்ரூ டிரைவரை மட்டும் வைத்திருந்த மெக்கானிக் திணறினார். ஸ்கேனர் வாங்கி கற்றுக்கொண்டவர் கடையில் இன்றும் கூட்டம். என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் எப்படி எரிகிறது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த ஸ்கேனரும் சீக்கிரம் புரிந்தது.

சாப்ட்வேரிலும் அப்படித்தான். மொழி மாறும். கணக்கை எப்படி துண்டு துண்டாக உடைப்பது, தகவலை எப்படி அடுக்குவது, அடுத்தவன் எழுதியதைப் படித்து எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பது... இது மாறவில்லை.

ஏ.ஐ. வந்து என்ன செய்தது?

2022 நவம்பர் 30-ந்தேதி 'சாட்-ஜி.பி.டி.' வந்தது. கேட்டால் ப்ரோக்ராம் எழுதித் தருகிறது. புதுசாகச் சேரும் பசங்களுக்கு முதல் 2 வருடம் கொடுக்கும் சில்லறை வேலை இருக்கிறதே, அதைத்தான் இது முதலில் தின்கிறது. எடுபிடி வேலை செய்துதான் கொத்தனார் ஆவான். எடுபிடியே வேண்டாம் என்றால்? அதுதான் இப்போதைய சிக்கல்.

ஆனால் அது எழுதுவது எல்லாம் சரி கிடையாது. தப்பையும் தைரியமாகச் சொல்லும். அதைப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அடிப்படை தெரியாமல் பார்த்துப் பார்த்து ஒட்டுகிறவனுக்கு இனி இடம் கஷ்டம்.

சம்பளமும் சொல்லி விடுகிறேன். பெரிய கம்பெனிகளில் சாதாரணமாகச் சேரும் புது என்ஜினீயருக்கு வருடம் ரூ.3 லட்சம் முதல் 3½ லட்சம் வரைதான். 10 வருடத்துக்கும் மேலாக இது அதிகம் நகரவில்லை. பிடித்தம் போக கையில் கிடைப்பதில் சென்னை ஹாஸ்டல், சாப்பாடு, கல்விக்கடன் தவணை. முதல் மாதமே வீட்டுக்கு பணம் கொட்டும் என்று நினைக்க வேண்டாம்.

ரூ.80 ஆயிரம் போச்சு...

இந்தப் பயத்தில்தான் மோசடி ஆட்கள் நுழைகிறார்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஏமாந்தது என் அக்கா மகனே. 'பேக்டோர்' வழியாக வேலை, ரூ.80 ஆயிரம் கட்டினால் போதும் என்று ஒரு கன்சல்டன்சியில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா தாலிச்செயினை வைத்து கட்டிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னது. ஆர்டர் வந்தது, முத்திரை எல்லாம் பக்கா. பழைய மகாபலிபுரம் ரோட்டில் அந்த விலாசத்துக்குப் போனால் வாட்ச்மேன் கேட்டை விட்டு உள்ளே விடவில்லை. அப்படி ஒரு பெயரே லிஸ்டில் இல்லையாம். பணம் இன்று வரை வரவில்லை.

இன்னொரு கூட்டம், 3 வருடம் வேலை பார்த்ததாக பொய் சர்டிபிகேட் தருகிறது. சேர்ந்த பிறகு பி.எப். கணக்கைப் பார்த்தாலே எங்கே எத்தனை நாள் வேலை செய்தான் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடும். வேலை போவதோடு பெயரும் கெடும்.

காசு இல்லாத வழி

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ம் ஆண்டு முதல் என்ஜினீயரிங்கில் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்விக்கடன் ரூ.7½ லட்சம் வரை என்றால் சொத்து பிணை தேவை இல்லை. நகைக்கடைக்கு ஓடும் முன் பேங்க் மேனேஜரைப் பாருங்கள்.

காலேஜில் சேர்ந்தவர்களுக்கு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சி இருக்கிறது. ஐ.ஐ.டி. வாத்தியார்கள் நடத்தும் பாடங்கள் 'என்.பி.டெல்.' என்ற பெயரில் செல்போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். பரீட்சை எழுதி சர்டிபிகேட் வேண்டும் என்றால்தான் காசு.

காலேஜே போகாமல் நுழைந்தவர்களும் உண்டு. ஜோஹோ கம்பெனி பிளஸ்-2, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து தானே பயிற்சி தருகிறது. இது தொடங்கி சுமார் 20 வருடம் ஆகிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அவர்களுக்கு ஆபீஸ் இருக்கிறது.

சேர்ந்த பிறகு வேலைக்கு ஆபத்து வந்தால், ராஜினாமா கடிதத்தில் உடனே கையெழுத்து போட்டுவிடக் கூடாது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடை இல்லை என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. நம்ம பசங்களில் பாதி பேருக்கு இது தெரியாது.

பிள்ளை உருப்படியாகப் படிக்கிறானா என்று படிக்காத அப்பா, அம்மா எப்படித் தெரிந்து கொள்வது? 2-ம் வருடம் லீவுக்கு வரும்போது, "நம்ம பெட்டிக்கடை கடன் நோட்டை செல்போன்ல போடுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுடா" என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் செய்து காட்டினால், 2 கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டுவிட்டு, "ஏன்டா தப்பா காட்டுது?" என்று கேட்டுப் பாருங்கள். ஏ.ஐ.யிடம் கேட்டே செய்திருந்தாலும் பரவாயில்லை. தப்பு எங்கே என்று உட்கார்ந்து தேடுகிறானா, இல்லை போனை வைத்துவிட்டு கிரிக்கெட் ஆடப் போகிறானா என்று பாருங்கள்.