விருந்தாளி போடும் எலும்பு

ஆடி பிறந்துவிட்டால் குலதெய்வக் கோயில் கிடாவெட்டு, காதுகுத்து என்று தோட்டத்து வீடுகளில் பந்தி ஓயாது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ சோறு தொடாமல் சுருண்டு கிடக்கும் நாயைக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கி வருவதும் இந்தக் காலத்தில்தான். வீட்டுக்காரர் தவறாக எதுவும் போட்டிருக்க மாட்டார். வந்தவர்கள் பாசத்தில் போட்டிருப்பார்கள். ஆளுக்கு ஒரு துண்டுதான். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் நாற்பது பேர்.

வெந்த கோழி எலும்பு கடித்தால் ஊசி ஊசியாகச் சிம்பு விடும். அது தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பு இப்படி உடைவது குறைவு என்றாலும் அதுவும் அடைத்துக்கொள்ளலாம். கொழுப்புக் கறியை ஒரே நேரத்தில் அதிகம் தின்ற நாய்க்குக் கணையம் வீங்கி, விடாமல் வாந்தி வரும்.

வெங்காயத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு 15 கிராம் உள்ளே போனாலே நாயின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கலாம். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. குழம்புச் சட்டியை வழித்து ஊற்றுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். அதற்குள் விருந்தே மறந்திருக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பேரப்பிள்ளைகள் நீட்டும் சாக்லேட்டும் ஆகாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கிடா அறுக்கும் இடத்தில் இருக்கிறது. கட்டியிருக்கும் ஈரலையும் நுரையீரலையும் ஒதுக்கி, "இந்தா" என்று நாய்க்கு வீசுவது வழக்கம். அந்தக் கட்டி நீர்க்கட்டி நோயாக இருந்தால், நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நாடாப்புழுக்கள் வளரும். ஆறேழு வாரத்தில் அவற்றின் முட்டைகள் சாணத்தோடு வெளியேறும். கீரைப்பாத்தி, ஆடு மேயும் புல், நாயைத் தடவிய குழந்தையின் கை என்று போய், ஆட்டுக்கும் மனிதருக்கும் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வைக்கும். கட்டி பெரிதாகி வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். ஆகவே, ஒதுக்கிய உறுப்புகளை ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நாய்க்குத்தான் போட வேண்டும் என்றால் அரைமணி நேரமாவது கொதிக்க வைக்க வேண்டும். குடற்புழு நீக்க மருந்தின் அளவையும் இடைவெளியையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். நாடாப்புழுவுக்கும் கேட்கும் மருந்துதானா என்று சொல்லிக் கேட்பது அவசியம்.

விருந்தாளியை எப்படித் தடுப்பது? "போடாதீங்க" என்றால் மூத்த உறவுகளுக்கு முகம் வாடிவிடும். "மாமா, டாக்டர் இன்னைக்கு வேற எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றால் எல்லோரும் கேட்பார்கள். நம் ஊரில் பத்தியத்துக்கு அவ்வளவு மரியாதை. முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுவிட்டால் அது பொய்யாகவும் இருக்காது. பந்திக்கு முன்பே நாய்க்கு வயிறாரச் சோறு வைத்து, கூட்டம் வராத பக்கம் நிழலில் தண்ணீரோடு கட்டிவிடுவது நல்லது. ராஜபாளையம், கோம்பை போன்ற காவல் நாய்களுக்கு அந்நியர் கூட்டத்தில் இது இன்னும் தேவை. ஆசைப்படும் குழந்தைகளிடம் அவித்த முட்டையோ உப்பில்லாத கேரட் துண்டோ கொடுத்து, வீட்டாள் ஒருவர் பக்கத்தில் நின்று போடச் சொல்லலாம்.

இதைவிட முக்கியம் எச்சில் இலை. திறந்த குப்பையில் கொட்டினால் கட்டு அவிழ்ந்த அன்றே நாய் அங்கேதான் நிற்கும். இலைக்குழிக்கு அன்றைக்கே மண் தள்ளி மூட வேண்டும்.

எலும்பு விழுங்கிய நாய்க்கு உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எலும்பு திரும்பி வரும்போது இன்னொரு முறை கிழிக்கும். உப்பே நஞ்சாகவும் ஆகும். நாய் எச்சில் வடித்து ஓக்களித்தால், வயிறு உப்பினால், சாணம் கறுத்தோ இரத்தமாகவோ போனால், காத்திருக்காமல் மருந்தகத்துக்குக் கொண்டு போக வேண்டும். என்ன தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்பதை விருந்தாளிகளிடம் கேட்டுக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.